கலையலாமா, சகோதரிகளே?

சாயங்காலம் ஆறு மணி. பைன் காட்டோர மண்சாலை. ஈ காக்கை இல்லை... வினெட், போர்வை முழுவதையும் நீயே சுருட்டிக்கொள்ளாதே. இது என் அறைத்தோழி கோராவின் அத்தைக்கு நடந்தது. இதே ஜார்ஜியாவில்தான்.

அத்தை பெயர் ஐடெல்லா. சாலைக் கடைசியில் அவளுடைய கல்லூரிச் சங்கத்தின் வீடு. முதலில் அது ஆறு பெண்கள் கூடிப் புத்தகம் வாசித்த கூட்டம்தான். அப்புறம் ரகசியச் சொல் வந்தது. மார்பில் பதக்கம் வந்தது. கிரேக்க எழுத்தில் பெயர் வந்தது, வீடு வந்தது... கூடவே திமிரும் வந்தது. சேர்க்கப்படாத பெண்கள் அழுதுகொண்டே ஊர் திரும்பினார்கள். கடைசியில் கல்லூரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: சங்கத்தைக் கலைத்தால்தான் பட்டம்.

மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். தலைவி ஐடெல்லா மட்டும் பூட்டிவிட்டு வரப் போனாள். வெளியே குதிரை வண்டியில் அண்ணன் லூதர், கோராவின் அப்பா. இரவு ரயிலில் ஊருக்குப் போக வேண்டும். அவளுக்கு அம்மாவைப் பார்க்க அவ்வளவு ஏக்கம்.

உள்ளே உருகிய மெழுகு வாடை. வட்டமாக நாற்காலிகள். சங்கத்தைத் தொடங்கிய அந்த ஆறு பேரும் செத்து வெகுகாலம், ஆனாலும் அவர்கள் நாற்காலியை எடுப்பதில்லை. கூட்டம் முடிந்ததும் 'கலையலாமா?' என்று தலைவி கேட்பாள். எல்லோரும் 'சரி' சொல்ல வேண்டும். ஒருத்தி மறுத்தாலும் யாரும் எழக்கூடாது. செத்தவர்களுக்காக உயிரோடிருப்பவள் பதில் சொல்வாள். அதுதான் வழக்கம்.

பழக்கதோஷம்... ஐடெல்லா உட்கார்ந்து கேட்டாள்.

"கலையலாமா, சகோதரிகளே?"

செத்தவர்களுக்காகப் பதில் சொல்ல மறந்துவிட்டாள்.

க்ரீச்... ஒரு நாற்காலி.

"சரி."

அடுத்தது. "சரி."

"யாருடி சொன்னது?" என்று கேட்காதே வினெட். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு 'சரி' வந்தது. ஓடிவிடலாம் என்று எழப் பார்த்தாள். கால் அசையவில்லை. அவளுடைய பதில் பாக்கி. ஒரே ஒரு சொல். சொன்னால் வீடு, அம்மா, எல்லாம். 'சரி' சொல்ல மெல்ல வாயைத் திறந்தாள்.

"வேணாம்."

அவள் குரல்தான். அவள் சொல்லவில்லை.

வெகுநேரம் காத்திருந்துவிட்டு லூதர் உள்ளே வந்தார். கதவு தாழிடப்படவே இல்லை.

"ஐடா, ரயில் போயிரும். எழுந்து வா."

அவள் கண்ணில் தாரைதாரையாக நீர். இரண்டு கையாலும் அண்ணன் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறாள், விடவே மாட்டேன் என்கிறாள். வாய் மட்டும் நிதானமாகச் சொன்னதாம்:

"நீ போ அண்ணா. நாங்க இன்னும் கலையல."