மூணாவது கட்டம்

சினேகா: ஆ காட்டுண்ணே. இன்னும் ரெண்டு வாய்தான்.

முனியராஜ்: போதும் புள்ள. என் போன எடு. பத்து நாளா கேம்ல என் கோட்டைய மூடியே வச்சிருக்கு.

சினேகா: ரெண்டு கையும் கட்டுல கெடக்கு. இப்பவும் கேமா?

முனியராஜ்: பட்டாசுக் கம்பெனி வெடிச்சதுல கைதான போச்சு, கண்ணு நல்லாத்தான இருக்கு? நீ அமுக்கு, நான் சொல்லுதேன்.

சினேகா: இரு... ஓடுது. ஏ அண்ணே, சாராயக் கடையில ரெண்டு குள்ளப் பயலுக மல்லுக்கட்டுறானுக!

முனியராஜ்: யாரு யாரு? தலைக்கு மேல பேரு நிக்கும் பாரு.

சினேகா: ஒருத்தன் ஆண்டிச்சாமி...

முனியராஜ்: எங்க போர்மேனு! கம்பெனி ஆளுக பேரத்தான் எல்லாத்துக்கும் வச்சிருக்கேன். இன்னொருத்தன்?

சினேகா: அது... சரியாத் தெரியலண்ணே.

முனியராஜ்: படிக்கத் தெரியாதோ?

சினேகா: செல்வக்குமாரு.

முனியராஜ்: நம்ம செல்வன்! அவனும் மதுரை ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இதத்தான் நோண்டிக்கிட்டு இருப்பான். எப்படி இருக்கானாம்?

சினேகா: தேவலையாம்... இவனுகள எப்படி வெலக்குறது?

முனியராஜ்: நம்மளால முடியாது. சண்டைக்கு மூணு கட்டம் இருக்கு. மொதக் கட்டம் சும்மா கைகலப்பு. தள்ளுவானுக, குத்துவானுக. ஒருத்தன் உக்காந்துட்டா மத்தவன் விட்டுட்டுப் போயிருவான்.

சினேகா: அப்புறம்?

முனியராஜ்: எவனாச்சும் ஆயுதத்த எடுத்தா ரெண்டாவது. அப்பவும் கையத் தூக்கிட்டா பொழச்சுக்கலாம். மூணாவதுல... தூக்குனாலும் விட மாட்டான்.

சினேகா: ஆண்டிச்சாமி கோடாலிய எடுத்துட்டான்.

முனியராஜ்: எதுக்காம்? கீழ எழுதியிருக்கும் பாரு.

சினேகா: கேலி பேசுனானாம்.

முனியராஜ்: கேலியா... அதுக்கா?

சினேகா: அண்ணே?

முனியராஜ்: ஒண்ணுமில்ல. நீ பாரு.

சினேகா: செல்வக்குமாரு கையத் தூக்கிட்டான்... அய்யோ, இவன் இன்னமும் வெட்டுறானே! செவப்பா ஆயிருச்சுண்ணே, நிறுத்து!

முனியராஜ்: முடியாது புள்ள.

சினேகா: செத்துட்டான்.

முனியராஜ்: ஏ லூசு, அழுவுறியா? கேம் புள்ள அது! வேற ஒருத்தனுக்கு அந்தப் பேர வச்சுக்கிடலாம். செல்வன் வந்ததும் சொல்லு, விழுந்து விழுந்து சிரிப்பான்.

சினேகா: வர மாட்டாக.

முனியராஜ்: ஏன், என்மேல கோவமா இருக்கானா? எதும் சொன்னானா?

சினேகா: செல்வக்குமாரண்ணன் அன்னைக்கே போயிட்டாக. மதுரைக்கெல்லாம் கொண்டு போகவே இல்ல. இப்பச் சொல்லாதீகன்னு டாக்டரு சொன்னாரு. என்னால இதுக்கு மேல முடியலண்ணே...

முனியராஜ்: அவுக அம்மா...?

சினேகா: இந்தக் கஞ்சி நான் கேன்டீன்ல வாங்குனது இல்ல. ஆவுடைத்தாய் அத்தை காய்ச்சுனது. தெனமும் அச்சங்குளத்துல இருந்து மொத பஸ்ஸப் புடிச்சு விருதுநகருக்கு வந்து, கேட்டுலயே குடுத்துட்டுப் போயிருறாக. "எம் புள்ளைய இழுக்கப் போயித்தான அவன் கை வெந்துச்சு, அவனாச்சும் பொழச்சுக் கெடக்கட்டும்"னு...

முனியராஜ்: அந்தத் தூக்குச்சட்டிய அங்கிட்டு வை.

சினேகா: அண்ணே...

முனியராஜ்: வைங்கிறேன்ல! நான் இழுக்கப் போகல புள்ள. வெடி மருந்து சலிச்சுக்கிட்டு இருந்தோம். அவன் கேம்ல எம் பேரு வச்ச ஆள மூணாவது கட்டத்துல எவனோ கொன்னுட்டானாம். அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். கோவம் வந்துருச்சு. ஒரு தள்ளு... ஒரே ஒரு தள்ளுதான் தள்ளுனேன். சல்லடையோட மருந்துமேலயே விழுந்தான். அந்த மருந்துக்கு ஒரு உரசு உரசுனா போதும். கையத் தூக்கக்கூட அவனுக்கு நேரமில்ல.