ஸம்ஹாவுக்குக் கொடுத்த சத்து

ஸம்ஹாவுக்குச் சின்ன வயதிலிருந்தே குளிசை விழுங்க வராது. தொண்டையில் நின்றுவிடும், ஓங்காளித்துத் துப்பிவிடுவாள். காய்ச்சல் குளிசையைக்கூட நான்தான் கரண்டியில் நசித்து, சீனி போட்டுக் கரைத்துக் கொடுப்பேன். கலியாணம் ஆன பிறகும் அது மாறவில்லை. என் தங்கைக்கு எந்த மருந்தும் என் கையால்தான் போகும். எங்கள் வீட்டு வழக்கம் அது, சேர்.

உம்மா மௌத்தானபோது அவள் பால்குடி மறக்காத பிள்ளை. வாப்பா கடலுக்குப் போய்விடுவார். எனக்கு வந்த சம்பந்தங்களை நானே வேண்டாமென்று சொன்னேன். பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த மைமூனா தங்கச்சியை வளர்த்த கதை எங்கள் ஊர் மாம்புரியில் எல்லோருக்கும் தெரியும்.

அவளுடைய மாப்பிள்ளை அஸ்ஜத் நல்லவர். கத்தாரில் வேலை. கலியாணம் முடிந்து அவர் திரும்பிப் போன பிறகும் ஸம்ஹா என்னோடுதான் இருந்தாள். வாப்பாவும் மௌத்தான பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அது அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். சென்ற வருடம் அஸ்ஜத் அங்கே வீடு எடுத்து, அவளைக் கூப்பிட விசாவுக்கும் கொடுத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அவளுக்குக் கால் எலும்பில் நோவு தொடங்கியது. புத்தளத்தில் டொக்டர் இரத்தம் பார்த்து, விற்றமின் டீ குறைவு என்று கிழமைக்கு ஒன்று, ஏழு நாளைக்கு ஒருதரம், போட எண்ணெய்க் குளிசை எழுதினார். கொஞ்சக் காலம் போட்டுவிட்டு வந்து காட்டச் சொன்னார். அஸ்ஜத்தும் ஊருக்கு வந்தவர்களிடம் போத்தல்கள் கொடுத்து அனுப்பினார். கல்சியம், மீனெண்ணெய், எல்லா விற்றமினும் கலந்த இன்னொன்று. நான் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தேன். கிழமைக்கு ஒன்று என்றதைத் தினமும் கொடுத்தேன். சத்துத்தானே, கூடினால் என்ன என்று நினைத்தேன். இதுவரை செய்தது அறியாமை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் குளிசை முடிந்ததும் தில்லையடியில் உள்ள பாமசிக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் சுல்பா எங்களுக்குத் தெரிந்த பிள்ளை. எப்படி இவ்வளவு கெதியாக முடிந்தது என்று கேட்டாள். நான் மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

“ராத்தா, அந்தப் போத்தல்லயும் டீ இருக்கும். எல்லாத்தையும் சேத்துக் குடுத்தா ரத்தத்துல கல்சியம் ஏறிப் போகும். கிட்னி பழுதாகும். இது மூத்திரத்தோட போற சாமான் இல்ல, உடம்புலயே நிக்கும். இண்டைக்கே நிப்பாட்டுங்க.”

குளிசை தரவும் மறுத்துவிட்டாள். நல்ல பிள்ளை. அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நிப்பாட்டத்தான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஸம்ஹா வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள். வாய் வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். தொலைபேசியில் அஸ்ஜத்திடம், இந்த உடம்போடு பிளேன் ஏற முடியாது, பயணத்தைப் பிந்திப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு என் மடியில் தலையைப் போட்டுப் படுத்தாள். அவள் அப்படிப் படுத்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

அடுத்த போத்தலைக் கற்பிட்டியில் வாங்கினேன்.

நோவு கூடியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். சேலைன் ஏற்றினார்கள். வேறு என்ன குளிசை எடுக்கிறா என்று டொக்டர் தெளிவாகக் கேட்டார். கிழமைக்கு ஒன்று மட்டும் என்று சொல்லி அந்த ஒன்றையே காட்டினேன். அதையும் நிப்பாட்டச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவள் தேறினாள். எழும்பி நடந்தாள், சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இறக்கித் துடைத்து உடுப்பு அடுக்கினாள். அஸ்ஜத் புது டிக்கட் அனுப்பியிருந்தார்.

“இனி எனக்கு ஒரு குளிசையும் வேணாம் ராத்தா” என்றாள்.

நான் ஓம் என்றேன். குளிசையாக ஒன்றும் கொடுக்கவில்லை. எண்ணெய்க் குளிசையைத் தையல் ஊசியால் குத்திக் கஞ்சியில் பிழிந்தேன். தேங்காய்ப்பால் விட்ட கஞ்சியில் எண்ணெய் தெரியாது. கல்சியத்தையும் மாவாக்கிப் போட்டேன். அவளைச் சாகடிக்க எனக்கு எண்ணம் இருக்கவில்லை. பயணம் நிற்கும் அளவுக்குத்தான்.

பயணம் நின்றது. அவளுக்குப் பேச்சுத் தடுமாறியது, நாள் கிழமை மறந்தது. நான் முழுக வார்த்து, தலை பின்னி, ஊட்டிவிட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இப்படி ஒரு ராத்தா யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டுக் கஞ்சிக் கோப்பையோடு போனபோது அவள் தெளிவாக இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் போகல்ல ராத்தா. அவர வரச் சொல்லுறன். எனக்கு உங்களோடயே இருக்கணும்.”

நான் கேட்க ஆசைப்பட்டதெல்லாம் அதுதான். கோப்பை என் கையில் இருந்தது. கொட்டியிருக்கலாம். ஆனால் சுகமில்லாத நேரத்தில் ஆட்கள் சொல்வதை நம்பக் கூடாது, சேர். உடம்பு தேறினால் மனமும் மாறும். அவள் வாயைத் திறந்தாள். கரண்டி கரண்டியாக முழுவதையும் ஊட்டினேன். அதற்குப் பிறகும் நாள் தவறாமல் ஊட்டினேன்.

இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கிட்னி இரண்டும் கைவிட்டிருந்தன. அவள் திரும்பி வரவில்லை. மையித்துக் குளிப்பாட்டியதும் நான்தான், வேறு ஒருவரையும் விடவில்லை. துக்கம் கேட்க வந்த சுல்பா, கத்தாரிலிருந்து வந்திருந்த அஸ்ஜத்திடம் அந்தக் குளிசைக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் என் அலுமாரியைத் திறந்து, உள்ளே இருந்த போத்தல்களை எடுத்தார். அவற்றோடு நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்தார்.

அவருக்கு என் மேல் கோபம் இருக்கும். ஆறுதலாக யோசித்தால் அவருக்கும் விளங்கும். கத்தாரில் அவளுக்கு ஒன்று நடந்திருந்தால் எனக்கு முகம்கூடப் பார்க்கக் கிடைத்திருக்காது. இப்போது மாம்புரிப் பள்ளிவாசல் மையவாடி மண்ணில் இருக்கிறாள். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அந்தச் சுவர் தெரியும்.