மேஜையைத் தட்டவும்

ஹலோ... ஆமா, அக்காதான்டா பேசறேன். என் மேஜை போனை வேற யாரு எடுப்பா?... ம், சொல்லு... ஆமா... ஆமா ஆமா, காலையில சட்டசபைக் குழுக் கூட்டத்துல சுருக்கெழுத்து எடுத்தது நான்தான். முப்பத்தோரு வருஷமா அதானே என் பொழப்பு...

அடேயப்பா, அதுக்குள்ள உன் ஆபீஸ் வரைக்கும் வந்துடுச்சா!... இரு, சிரிச்சுக்கறேன்... சிரிக்காம? நீ எழுதிக் குடுத்த பேப்பரை உங்க உறுப்பினர் கண்ணாடி மாட்டிக்கிட்டு படிச்சார் பாரு. 'தேர்தல் செலவுக்கு எந்த நிறுவனம் பணம் தந்தது என்று வெளியிடச் சொல்லும் இந்த மசோதா, என் மக்களை அவமதிக்கிறது, இங்கே சற்று நிறுத்தி மேஜையைத் தட்டவும்.' சத்தியமா! முழுசா படிச்சார்டா. தட்டத்தான் மறந்துட்டார்...

என்னது, எடுத்துடணுமா?... அந்த ஒரு வரியை மட்டும்... ஓஹோ... நாலு மணிக்குப் பதிவு எல்லா உறுப்பினர் கைக்கும் போகும், ஆறு மணிக்கு ஓட்டெடுப்பு. இதைப் படிச்சா, முடிவு பண்ணாம இருக்கிற நாலு பேரும் மசோதா பக்கம் சாஞ்சிடுவாங்க. அந்தப் பயம்தானே?... அடைப்புக்குறிக்குள்ள இருந்ததா? அவர் வாயில வந்தப்ப அதுக்கு ஏதுடா அடைப்புக்குறி? பேசினது பதிவாகும். தும்மினா மட்டும் விட்டுடுவோம். அதான் இங்க முறை...

என்ன சொன்னே? கருத்து சொல்றதா? கம்பெனிக்காரங்களுக்காக உறுப்பினர்களைப் பிடிக்கிற உன் வேலைக்கு இப்ப அப்படிப் பேரா!... டேய், கருத்து சொல்றவங்க கையில மனுவோட வெளியில பெஞ்சில உட்கார்ந்திருக்காங்க. குடிதண்ணி வரலைன்னு ஒரு அம்மா மூணு வாரமா வருது. உங்க உறுப்பினருக்கு அது முகம் கூடத் தெரியாது. உனக்கு அவர் செருப்பு அளவு வரைக்கும் தெரியும். ஓட்டுப் போட்டது அந்தம்மா, சட்டம் எழுதறது நீ. நல்லா இருக்குடா நியாயம்!... எல்லாரும் செய்யறாங்களா? அதனாலதான்டா மசோதாவே!... கேவலமா இருக்கு, உன்னைத் தம்பின்னு சொல்லிக்க...

என்ன?... யார் டைப் அடிச்சது?...

என் பொண்ணா...

நீ சொல்லச் சொல்ல அவ அடிச்சா. அதுல குறிப்பை எடுக்காம விட்டது அவ தப்பு... ம்... அந்த வரி நின்னா நாளையிலிருந்து அவ உன் ஆபீஸுக்கு வேலைக்கு வர வேண்டாம்... டேய். நீ அவளுக்குத் தாய்மாமன்டா. உன் விரலைப் பிடிச்சு நடை பழகினவடா அவ...

அழல. சளி... தெரியும்டா, ரெண்டு வருஷம் அலைஞ்சு கிடைச்ச வேலை. தெரியும். எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ், அதுவும் தெரியும். நீ வேற எடுத்துச் சொல்லணுமா?...

சரி... சரி, சரி. இன்னொரு தடவை தெளிவா சொல்லு. வரியை எடுத்தா அவளுக்கு வேலை இருக்கும், எடுக்கலைன்னா கிடையாது... ம்... என்கிட்ட இப்படிப் பேசச் சொன்னது உறுப்பினரேதானா?... மெதுவா சொல்லு... எப்போ?... பன்னெண்டரைக்கு, அவர் அறையில... ம், ஆச்சு...

ஒண்ணுமில்ல, பென்சில் சத்தம். காதுல பேச்சு விழுந்தா கை தானா எழுதும், பழக்க தோஷம்... ஆமா. நீ பேச ஆரம்பிச்சதுல இருந்து... ஒரு வார்த்தை விடல...

கத்தாதே! கத்தினா வேகம் கூடுது, எனக்குத்தான் கை வலிக்கும்... என்ன, இப்ப அக்கான்னு கூப்பிட வருதா?... அவளை அஞ்சு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல சோறு இருக்கு. நாளையிலிருந்து நீயே டைப் அடி, அப்பவாவது எதை எடுக்கணும்னு தெரியும்... இதுவா? நாலு மணிக்குக் காலைப் பதிவோட சேர்ந்து குழுத் தலைவர் மேஜைக்குப் போகும்...

ஹலோ?... டேய்... ஹலோ?...

வெச்சுட்டியா? சரி, அதையும் எழுதிக்கறேன்.