பர்மாவின் புது அரிசி

1951-ல், கிருஷ்ணகிரி ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற குடியானவர், பர்மா அரிசி மூட்டைகளைப் பார்த்து அலுத்துக்கொண்டார்.

"அவங்களுக்குள்ளயே சுட்டுக்கிறாங்க. நமக்கு மக்கிப்போன அரிசி வருது. அங்கிருந்து ஓடியாந்தவங்களுக்கும் இதுலயே பங்கு."

"ஓடியாந்தவ நான்தாங்க," என்றாள் அவருக்கு முன்னால் நின்றவள். "சண்டைக்கு நடுவுல எங்க அக்காவ விட்டுட்டு வந்தேன். ரெண்டு வருசமா கடுதாசி இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பையில் அரிசி விழுந்ததும் நாலைந்தை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"பல்லுல ஒட்டுதுங்க. இது பழசில்ல, இந்த வருசத்து அறுப்பு. அங்க இன்னும் யாரோ நாத்து நடுறாங்க."

அவரும் கைநீட்டி இரண்டு அரிசி வாங்கி, நெடுநேரம் மென்றார்.

"ஆமாம்மா," என்றார். "புதுசுதான்."