ஏழும் சரி, எட்டும் சரி

கணக்கு வாத்தியார் என்றாலே சிடுமூஞ்சி என்று நினைக்கிறார்கள். நான் இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், மற்றதைச் சொல்கிறேன்.

பருவத் தொடக்கத்தில் கரும்பலகையில் ஒன்று, இரண்டு, நான்கு என்று எழுதி, அடுத்த எண் என்ன என்று கேட்டேன். வகுப்பே எட்டு என்றது. எனக்கும் எட்டுதான் தெரியும். பேருந்து ஓட்டுநரின் மகள் மட்டும் எழுந்தாள். எதற்கெடுத்தாலும் காரணம் கேட்பதால் பிள்ளைகள் அவளை ‘ஏன்’ என்றே கூப்பிடுவார்கள்.

"ஏழும் வரும்ல சார்? முதல்ல ஒண்ணு கூட்டறோம், அப்புறம் ரெண்டு. அடுத்து மூணு கூட்டினா ஏழு."

உண்மைதான். மூன்று எண்களோடு நிறுத்தினால் இரண்டு வழியும் பொருந்தும். நான்காவதையும் நான் கொடுத்திருக்க வேண்டும்.

"ரெண்டும் சரிதாம்மா. யாராவது சொல்றீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தேன்" என்றேன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன், "சாருக்கே பாடம் எடுத்துட்டாடா" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

உறைவிடப் பள்ளிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளையைத் தேர்வு வைத்து அனுப்புவோம். அந்தத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரித்தவன் நான், திருத்தியவனும் நானே. அதே கேள்வியை அதே மூன்று எண்களோடு வைத்தேன். மறதி இல்லை. நான் பாராட்டிய விடையைத்தான் அவள் எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். விடைக்குறிப்பில் எட்டு மட்டும் போட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணில் இடம் வேறு பிள்ளைக்குப் போனது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். "ரெண்டும் சரின்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா. நீயா நினைச்சுக்கிட்டே."

இருவரையும் வகுப்புக்கு அழைத்துப் போனேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, "நான் சொன்னேனா?" என்று கேட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றார்கள். அவள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தாள்.

"லீவு போட்டு வந்திருக்கேன், மானத்தை வாங்கறியே. சார்கிட்ட மன்னிப்பு கேளு" என்றார் அப்பா.

கேட்டாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இதைச் சொல்லவே நாக்கூசுகிறது.

கேள்வியில் பிழை இருப்பதாக உறைவிடப் பள்ளி சொன்னதால் நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். நேற்று நீங்கள் அவளிடம் பேசியபோது நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். "சார் சொல்லல, நான்தான் தப்பா நினைச்சுக்கிட்டேன்" என்றாள். பயந்து சொன்ன குரல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறாள். வெறும் கவனக்குறைவு என்று அறிக்கையை முடிக்கப் போவதாக என்னிடம் சொன்னீர்கள். நான் தப்பித்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவளுக்கு அந்த இடத்தை நீங்கள் திருப்பி வாங்கிக் கொடுத்துவிடலாம். ஆனால் நேற்று மதியம் ஒரு சின்னக் கணக்கைக் கேட்டு அவளை எழுப்பினேன். "நீங்களே சொல்லிடுங்க சார், நான் சொன்னா தப்பாத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

இடம் போகட்டும் என்று நான் அந்தக் கேள்வியை வைக்கவில்லை. இதற்காகத்தான் வைத்தேன்.