டீ குடிங்க, கையெழுத்து போடறேன்

போடறேன், போடறேன். யாரு போட மாட்டேன்னா? மொதல்ல உள்ள வாங்க தலைவரே. வாசப்படியிலயே நின்னுகினு பேப்பர நீட்டுனா எப்டி? தலய குனிஞ்சி வாங்க, நெல குட்டை, எங்க வூட்டுக்காரரே தெனம் இட்ச்சிக்கினுதான் வராரு. அந்த சேர்ல குந்துங்க. தொடச்சிதான் வெச்சிகீறேன்.

அய்ய, அந்த அருள்பிரகாசத்த ஆரன் அடிக்க வேணாம்னு சொல்லுங்க. டிரைவருன்னா கார ஓட்னா போதாதா? தெருவே எட்டிப் பாக்குது பாருங்க. கிருஷ்ணப்பன் தலைவரு செங்கொடி வூட்டுக்குள்ள போயி குந்திகீறாருன்னு இன்னிக்கு சாயங்காலம் பூரா குழாயடியில இதே பேச்சாத்தான் இருக்கும். இந்தத் தெருவுக்குள்ள நீங்க வந்ததே ஓட்டு கேக்கத்தான். அப்பவும் எனக்கு கேட்டுக் குடுக்கத்தான் வந்தீங்க, நான் மறக்கல.

வேடிக்கய பாருங்க. தலைவரு நானு, தொணைத்தலைவரு நீங்க. ஆனா என் வாயில உங்களப் பாத்தா தலைவரேன்னுதான் வருது. பத்து வருசம் நீங்க, அதுக்கு முந்தி உங்க நைனா. அப்பால கெவுருமெண்ட்டு இந்த ஊராட்சிய எங்க ஜனத்துக்கு, அதுலயும் பொம்பளைக்குன்னு ஒதுக்கிடிச்சி. நீங்க இன்னா பண்ணீங்க? நம்ம தண்ணி லாரி ஓட்ற வல்லரசு பொண்டாட்டி கீறா, வாயில்லாதவ, காட்ன எடத்துல கையெழுத்து போடுவான்னு என்னை இஸ்துகினு வந்து நிக்க வெச்சீங்க. கெலிச்சேன். மால போட்டாங்க. அந்த மாலய கூட உங்க கழுத்துலதான் போட்டாங்க தலைவரே, நெனப்பு கீதா?

இருங்க இருங்க, பேனாவ உள்ள வைங்க. பாலு அடுப்புல கீது. கேஸு தீந்துபோச்சி, இந்த பம்பு ஸ்டவ்வு ஒரு பேஜாரு, குத்தி வுட்டாதான் எரியும். மாதவரத்து பாக்கிட்டு பாலு, கெட்டியா கீது. நீங்க வருவீங்கன்னு காலையிலயே வாங்கி வெச்சேன். அட, சும்மா சொன்னேன் தலைவரே, ஏன் அப்டி பாக்கறீங்க? எங்க வூட்லயும் தெனம் டீ போடுவோம்.

ஓ, சீலு கூட எடுத்துகினு வந்துகீறீங்களா? குடுங்க பாக்கலாம். மூணு வருசமா தலைவரா கீறேன், தலைவரு சீல இன்னிக்குதான் கையில தொட்றேன். உங்க வூட்டு பீரோலயே கெடந்திச்சே. நல்லா கனமாத்தான் கீது.

அவசரம்னா இன்னா அவசரம்? அத்த சொல்ல மாட்டேங்கறீங்களே. சும்மா ஒரு தீர்மானம், சும்மா ஒரு தீர்மானம்ன்றீங்க. சும்மா தீர்மானத்துக்கு இன்னாத்துக்கு இப்டி வேர்க்குது உங்களுக்கு? அந்த ஃபேனு சுத்தாது, கரண்டு இல்ல. பவரு ஹவுசு பக்கத்துலயே கீறோம், நமக்குதான் கரண்டு இல்ல. இந்தாங்க, அட்டைய வெச்சி விசுறிக்குங்க.

படிச்சிட்டு போடறேனே. ஏன், படிக்க கூடாதா? நாலாவது வரைக்கும் படிச்சவதான் நானு. எழுத்து கூட்டித்தான் படிப்பேன், கொஞ்சம் பொறுத்துக்கணும். நம்ம... ஊராட்சியை... சென்னை மாநகராட்சியுடன்... இணைப்பதை... இம்மன்றம்... ஏகமனதாக... எதிர்க்கிறது. ஏகமனதாகன்னா அல்லாரும் ஒரே மனசான்னுதானே? எங்க தெருவுல யாரு மனசையும் யாரும் கேக்கலியே தலைவரே. மெம்பருங்க எல்லாம் போட்டுட்டாங்க, தெரியுது. செல்லம்மா கூட போட்டுகீறா, கோணலும் மாணலுமா. தலைவரு கையெழுத்து இல்லாட்டி செல்லாது, தொணைத்தலைவரு போட்டா கலெக்டரு ஆபீசுல ஒத்துக்க மாட்டான், அதானே? அதாங்காட்டி வந்துகீறீங்க.

நல்லாத்தான் எழுதிகீறீங்க. வரி ஏறும்னு கீது. ஏறும். நூறு நாள் வேலை பூடும்னு கீது. அதுவும் நெஜந்தான், கார்ப்பரேஷன்ல அந்த வேலை கெடையாது. ஏரியில மண்ணு வெட்டி நாலு காசு பாக்குற எங்க பொம்பளைங்க அல்லாரும் என் மூஞ்சியில காறித் துப்புவாளுங்க. இதெல்லாம் எனக்கு தெரியாதுன்னு நெனைக்காதீங்க. ராத்திரில படுத்தா அதான் கண்ணு முன்னாடி வருது. தலைவரு பதவியும் பூடும். அதுக்கப்பால நானும் மண்ணு வெட்ட போவ முடியாது, தலைவரும் இல்ல. ஒண்ணியும் இல்லாதவளா நிப்பேன்.

ஆனா எழுதாதது ஒண்ணு கீது தலைவரே. உங்க தண்ணி லாரிங்கள பத்தி ஒரு வரி கூட இல்ல. ஊரு போருலேர்ந்து உறிஞ்சி மெட்ராசுக்கு வித்துகினு கீறீங்களே, கார்ப்பரேஷன்காரன் வந்தா மொதல்ல அதுக்குதான் பூட்டு. ஏரிய ஒட்டி பிளாட்டு போட்டு வித்தீங்க, அதுக்கு என் கையெழுத்துதான். உங்க நைனா பேரு போட்டு ஊரு வாசல்ல வளைவு கட்னீங்க, அதுக்கும் என் கையெழுத்துதான். அதெல்லாம் எழுதி இருந்தா படிக்க இன்னும் நல்லா இருந்திருக்கும். கோச்சிக்காதீங்க. எங்க ஆளு உங்க லாரியத்தான் ஓட்டிகினு கீறாரு, அவரு சோத்துலயும் மண்ணு வுழுவும். அத்தயும் யோசிச்சேன்.

இந்தாங்க டீ. சக்கர கம்மியாத்தான் போட்டேன், உங்களுக்கு சுகருன்னு ஊருக்கே தெரியும்.

இன்னா, கீழ வெச்சிட்டீங்க? வேணாமா? இப்பதான் குடிச்சீங்களா? எங்க குடிச்சீங்க? செரி, மெதுவா குடிங்க. நானும் மெதுவாத்தான் போடுவேன். அட, மெரட்டல தலைவரே. வூட்டுக்கு வந்தவங்க டீய தொடாம போனா நல்லா இருக்காது, அவ்ளோதான். ஆட கட்டுது பாருங்க. நான் உங்க பேப்பர்ல கைய வெக்கணும்னா நீங்க என் கிளாசுல வாய வெக்கணும். ரெண்டும் ஒண்ணுதான்.

குடிங்க. யாரும் பாக்கல. கதவ சாத்தட்டா?

ஆங். அப்டித்தான். எறங்கிச்சா? ஒண்ணும் ஆவலியே. இவ்ளோ நாளு இதுக்கா பயந்துகினு இருந்தீங்க? முழுசா குடிங்க.

நீங்க குடிக்க சொல்ல ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நான் கெலிச்ச வருசம், மொத சனவரி இருவத்தாறு. குடியரசு தினத்துக்கு ஊராட்சி ஆபீசு வாசல்ல தலைவருதான் கொடி ஏத்தணும். நான் உங்க வூட்டாண்ட வந்து, எத்தினி மணிக்கு வரணும்னு கேட்டேன். பத்து மணிக்கு வா செங்கொடின்னு நீங்கதான் சொன்னீங்க, உங்க வாயால. வூட்ல ஒரே சிரிப்பு. என் பொண்ணு மகிழினி அப்ப எட்டாவது. எங்கம்மா கொடி ஏத்தப் போறாங்கன்னு கிளாசு பூரா சொல்லி வெச்சிகீறா. தலைவரம்மா தலைவரம்மான்னு என்னை ஓட்டிகினே கீறா. பக்கத்து வூட்ல பட்டுப்பொடவ வாங்கி, இஸ்திரி போட்டு கட்டி வுட்டவளே அவதான். கயித்த எப்டி இழுக்கணும்னு துணி காயப்போட்ற கொடியில கயிறு கட்டி எனக்கு சொல்லிக் குடுத்தா.

பத்து மணிக்கு முன்னாடியே வந்தேன் நானு. கொடி மேல பறந்துகினு கீது. முட்டாய் குடுத்து முடிச்சி ஜனம் கலைஞ்சிகினு கீது. உன் கையாலதான் கயித்து முடிச்ச கட்டிகினு இருந்த. இன்னா சொன்ன என்னாண்ட? வெள்ளிக்கெழம, பத்தரைக்கு ராவு காலம், அதான் சீக்கிரமா ஏத்திட்டோம்னு சொன்ன. சொல்லிட்டு சிரிச்ச. கூட இருந்தவனுங்களும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன். செருப்பால அடிச்சிக்கணும் என்னை, நானும் பல்ல இளிச்சிகினு நின்னேன்.

அத்தோட வுட்டிருந்தா நானும் வுட்டிருப்பேன். என் கொழந்தய கூப்ட்ட பாரு. பாப்பா, இந்த முட்டாய் பேப்பருங்கள கொஞ்சம் கூட்டி வாரிடும்மான்னு தொடப்பத்த எட்த்து அவ கையில குடுத்த. அவ யூனிபாரத்துல கொடி குத்திகினு இருந்தா. என் மூஞ்சிய பாத்தா. நான் கொடிக்கம்பத்த பாத்துகினு நின்னேன். கூட்டுனா. அந்த வாசல் பூரா கூட்டி, குப்பத்தொட்டியில கொட்டிட்டு, தொடப்பத்த செவுத்துல சாத்தி வெச்சிட்டு வந்தா. அன்னிலேர்ந்து அவ என்னை ஒரு நாளும் தலைவரம்மான்னு கூப்பிடல.

இந்த மூணு வருசமும் நீ காட்ன எடத்துல எல்லாம் போட்டேன், வாய தொறக்கல. அப்பயே முடிவு பண்ணிட்டேன். இந்த ஆளுக்கு கேசு போட்டா ஜெயிப்பான், சண்ட போட்டா எங்க ஆளுக்கு வேலை போவும். இவன் குந்துற நாற்காலி, அந்த ஆபீசு, அந்த கொடிக்கம்பம், தலைவருன்ற பேரு, மொத்தத்தயும் இல்லாம பண்ணணும். என்னோடதும் சேந்து போனா போவட்டும்.

குடிச்சி முடிச்சிட்டியா? சூப்பரு. குடு பேனாவ. எங்க போடணும், நீயே காட்டு. இங்கியா? செ... ங்... கொ... டி. சீலயும் நானே குத்தறேன். ஆங், பளிச்சுனு வுழுந்துகீது பாரு. சொன்ன வார்த்த தப்ப மாட்டேன் நானு.

இன்னா, இப்ப போயி வாட்ச பாக்கற? ஆபீசு மூட்றதுக்குள்ள திருவள்ளூரு போயி கலெக்டரு ஆபீசுல குடுக்கணும், எதிர்ப்பு சொல்ல இன்னிக்குதான் கடைசி நாளு. அதானே நீ சொல்லாத விசயம்? பேப்பர்ல போட்டிருந்தான்ப்பா. என் பொண்ணு மகிதான் படிச்சி சொன்னா. ஒரு மாசமா வாசல பாத்துகினு கீறேன். நீ கடைசி நாளுதான் வருவேன்னு எனக்கு தெரியும். என் கையெழுத்துக்கு எப்பனா முன்னாடியே வந்துகீறியா நீ? பட்ஜெட்டா இருந்தாலும், பில்லா இருந்தாலும், போற வழியில கார நிறுத்தி கண்ணாடிய எறக்கி நீட்டுவ, நான் ரோட்ல நின்னுகினே போட்டு குடுப்பேன். இன்னிக்கும் ஒரு நிமிசத்துல முடிஞ்சிடும்னு வந்துகீற. அதான் உன்னை குந்த வெச்சி டீ போட்டேன்.

இப்ப பறந்தா கூட ஒண்ணும் ஆவாது. மாதவரத்து ரவுண்டானாவுல லாரிங்க நிக்கிற நிப்புக்கு, நீ ஆவடி தாண்றதுக்குள்ள பியூனு கூட பூட்டிட்டு வூட்டுக்கு பூடுவான். கத்தாத. தெருவுல ஜனம் கீது, அல்லாருக்கும் கேக்குது. தலைவரு வூட்ல நின்னுகினு இப்டியா கத்துவாங்க?

இந்தா, உன் பேப்பரு. போறதா இருந்தா போ. ஆனா அந்த கிளாச கொல்லைக்கு எட்த்துகினு போயி, கழுவி கவுத்துட்டு போ. உங்க வூட்ல நான் குடிச்சா அதானே பழக்கம்.