நீலம் ஏறாத ஸ்லைடு

— இன்னொண்ணு போடு. இதுல நீலம் சரியா ஏறல.

— மேடம், காலையிலேர்ந்து மெழுகுக்குள்ள வச்ச அதே சதைத் துண்டைச் சீவிச் சீவி ஸ்லைடு போட்டுக்கிட்டிருக்கேன். முதல்ல ரோஸ் தூக்கல்னீங்க. அப்புறம் ரோஸே இல்லன்னீங்க. இப்ப நீலமா?

— உனக்குச் சாயக்காரின்னு பேரு வச்சது சும்மாவா?

— பேரு வச்சது நீங்க, விரல் ஊதாவாப் போனது எனக்கு. என் பொண்ணு ரோட்டுல கையப் பிடிச்சுக்க மாட்டேங்கறா.

— சோப்பு போட்டுத் தேய்க்கறது.

— சோப்புக்குப் போற சாயமா இது? மரத்தைக் கொதிக்க வச்சு எடுக்கறது. நான் சொல்றதக் கேளுங்க மேடம். இன்னிக்குத்தான் புதுசா வடிகட்டினேன். மெழுகு துளிகூட மிச்சமில்லாம கரைஞ்சிருக்கு. நீலத்துல முக்கி, குழாய்த் தண்ணியில அலசி, அப்புறம்தான் ரோஸ்ல விட்டேன். செல்லுக்கு நடுவுல இருக்கற கரு ஒவ்வொண்ணும் மைச்சொட்டு மாதிரி நிக்குது. சுத்தி இளஞ்சிவப்பு. இதுக்கு மேல நீலம் வேணும்னா வானத்துலேர்ந்துதான் சுரண்டிட்டு வரணும்.

— அப்ப என்ன நோய்னும் பாத்துட்டியா?

— சாயம் ஏறிச்சான்னு பாத்தேன். நோயைப் பாக்கறது உங்க வேலை.

— நான் பாத்துட்டுத்தானே நீலம் போதலன்னு சொல்றேன்.

— நீங்க பாக்கல மேடம்.

— என்னடி சொல்றே?

— மைக்ராஸ்கோப்புல நீங்க லைட்டே போடல. வச்ச ஸ்லைடை அப்படியே எடுத்து என் கையில குடுத்தீங்க. அதுக்கு முன்னாடி குடுத்ததும் அப்படித்தான்.

— கதவைச் சாத்து.

— சாத்தித்தான் இருக்கு. நீங்க முதல்ல உக்காருங்க.

— லைட்டுப் போட்டா தெரிஞ்சிடும். அதான் போடல.

— என்ன தெரிஞ்சிடும்?

— அது என்னோடது. கழுத்துல கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. போன வாரம் மாடியில சர்ஜன் எடுத்தாரு. பேரெல்லாம் போட வேணாம், நம்பர் மட்டும் போதும்னு நான்தான் சொன்னேன்.

— தெரியும் மேடம்.

— தெரியுமா?

— இந்த வெயில்ல மப்ளரைச் சுத்திக்கிட்டு வந்து சளின்னு சொன்னா யாரு நம்புவா? பேருக்கு ஒரு தும்மலாவது போட்டிருக்கலாம். அது பத்தாதுன்னு கட்டி இருந்த டப்பாவ நீங்களே கையில தூக்கிட்டு வந்தீங்க. இத்தனை வருஷத்துல ஒரு டப்பாவ நீங்க தூக்கி நான் பாத்ததில்ல.

— அடிப்பாவி. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா கேக்கக் கேக்க ஸ்லைடு போட்டே?

— உங்களுக்குத் தைரியம் வர்ற வரைக்கும் போடலாம்னு இருந்தேன். சாயம்தான் பாட்டில் பாட்டிலா இருக்கே.

— சிரிக்க வைக்காத. தையல் இழுக்குது.

— உங்களோடத நீங்களே படிக்கறது சரியா மேடம்?

— சரியில்லதான். பயந்த கண்ணுக்கு ஒண்ணு தெரியும், ஆசைப்பட்ட கண்ணுக்கு வேறொண்ணு தெரியும். ஆனா இந்த ஊர்ல ஸ்லைடு படிக்க வேற யாரு இருக்கா, சொல்லு.

— சார் இருக்காரே.

— அந்தப் பேச்சை எடுக்காத.

— உங்க வீட்டுக்காரரைச் சொல்லல. ஸ்டேஷன் பக்கத்து ஆஸ்பத்திரியில இருக்கற டாக்டரைச் சொல்றேன்.

— ரெண்டும் ஒரே ஆளுதானேடி.

— ஒரு ஸ்லைடுக்காகப் புருஷன் பொண்டாட்டி பிரிஞ்ச கதைய நான் வேற எங்கயும் கேட்டதில்ல மேடம்.

— ஸ்லைடுக்காக இல்ல. ஒரு நோயாளியோட கட்டியப் பாத்து நான் கெட்டது, புத்துநோய்னேன், அவரு நல்லதுன்னாரு. சரி, ரெண்டு டாக்டர் இருந்தா ரெண்டு மாதிரி சொல்றது உண்டுதான். ஆனா இந்த ரூம்ல எல்லாரையும் வச்சுக்கிட்டு, இவளுக்கு எதைப் பாத்தாலும் பயம்னு சிரிச்சாரு பாரு, அதுதான்.

— கடைசியில நீங்க சொன்னதுதானே சரின்னு ஆச்சு.

— ஆச்சு. அப்பவாவது வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா? எனக்குப் பொறுக்கல. எங்கயாவது போங்கன்னேன். மறுநாளே வேற ஆஸ்பத்திரி, வேற வீடு.

— நீங்க போகச் சொன்னீங்க, அவரு போனாரு.

— போன்னு சொன்னா போயிடறதா?

— மேடம், ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது.

— திட்டற விஷயமா இருந்தா திட்டத்தான் செய்வேன்.

— மத்தியானம் சாப்பிட்டுட்டு வரேன்னு போனேன்ல. சாப்பிடப் போகல. காலையில போட்டதுல ஒரு ஸ்லைடை எடுத்துக்கிட்டு நேரா சார்கிட்டத்தான் போனேன்.

— யாரைக் கேட்டுப் போனே?

— யாரையும் கேக்கல. கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?

— என்ன சொன்னாரு?

— திட்டலயா?

— அதை அப்புறம் வச்சுக்கறேன். என்ன சொன்னாரு, சொல்லு.

— ரொம்ப நேரம் பாத்தாரு மேடம். நகத்தி நகத்தி, ஒரு மூலை விடாம பாத்தாரு. காபி கொண்டுவந்த ஆளை நிமிர்ந்துகூட பாக்கல, கையக் காட்டிப் போகச் சொல்லிட்டாரு. அப்புறம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. கெட்டது எதுவும் இல்ல, இது வெறும் நெறிகட்டி, ஏதோ கிருமிக்கு வீங்கியிருக்கு, எடுத்ததோட சரின்னாரு.

— அவருக்கு எதைப் பாத்தாலும் நல்லதாத்தான் தெரியும்.

— அதுக்குத்தான் நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்கன்னு சொல்றேன். இந்தாங்க, லைட்டுப் போட்டுட்டேன்.

— நீயே வச்சு விடு.

— வச்சாச்சு. குனிங்க.

— கொஞ்சம் தள்ளு. இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம்.

— என்ன மேடம்?

— இரு, அவசரப்படுத்தாத. முழுசாப் பாத்துக்கறேன்.

— பாருங்க, பாருங்க. எனக்கு ஒரு வேலையும் இல்ல.

— அழகா இருக்குடி.

— நீலமா?

— எல்லாமே. சந்தைக் கூட்டம் மாதிரி நெருக்கியடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது, ஆனா ஒண்ணுகூட தன் இடத்தை விட்டு நகரல. அடக்கமா இருக்கு. நெறிகட்டிதான். வெறும் நெறிகட்டி.

— அப்ப சார் சொன்னது சரி.

— சரிதான்.

— காதுல விழல மேடம்.

— சரின்னு சொல்லிட்டேன்ல. போய் அந்த ஜன்னலைத் திற. இந்த மப்ளரை எவன் கண்டுபிடிச்சானோ, கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டுது.

— குடுங்க, மடிச்சு வைக்கறேன். தண்ணி குடிங்க.

— ஒரு வாரமா எதைச் சாப்பிட்டாலும் மண்ணு மாதிரி இருந்துச்சு. இப்ப பாரேன், பசிக்குது.

— எனக்கும்தான். மத்தியானம் பட்டினி கிடந்தவ நான்.

— வா, எங்கயாவது போய் நல்லா சாப்பிடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அது யாரோடதுன்னு அவர்கிட்ட சொல்லிட்டியா?

— சத்தியமா வாயத் திறக்கல. எங்க மேடத்துக்கு இதுல ஒரு சந்தேகம், நீங்க ஒரு தடவை பாருங்கன்னேன். அவ்வளவுதான்.

— நல்லவேளை. அப்ப அவருக்குத் தெரியாது.

— பாத்து முடிச்சதும் அவரேதான் சொன்னாரு மேடம், 'அவளால படிக்க முடியாத ஸ்லைடுன்னு ஒண்ணு இருந்தா, அது அவளோடதாத்தான் இருக்கும்'னு. என்கூடவே கிளம்பி வந்துட்டாரு. மத்தியானத்துலேர்ந்து கீழ வராந்தாவுல உக்காந்திருக்காரு, மேல வரலாமான்னு கேட்டுச் சொல்லச் சொன்னாரு.